மயில் தாங்கி

கறுப்பு என்றால் என் அத்தான் கமலநாதனுக்கு ஆகவே ஆகாது. கறுப்புச் சட்டைக்காரன் எவனாவது கடைக்குள் நுழைந்தால்கூட, ஓர் ஊதுபத்தியைக் கொளுத்திவிட்டுத்தான் "என்னா வேணும் பாஸ்?" என்று கேட்பார். அப்படிப்பட்ட மனுஷன் முன்னால் கறுப்பு மயில் ஒன்றைக் கொண்டுபோய் வைத்தேன் பாருங்கள், என் புத்தியை என்ன சொல்ல.

"சாமிக்குக் கீழ கறுப்பா? ஏன் லோகா, உலகத்துல வேற கலரே இல்லையா?"

"கலரை விடுங்க அத்தான். வளைச்சுப் பாருங்க. கண்ணாடி நார் கலந்த நைலான் இது. காடி இஞ்சினுக்குள்ளேயே வைக்கிற சரக்கு."

"அப்ப காடியிலயே வை. நான் விக்கிறது சாமி மேடை."

பக்கத்தில் நான் வைத்திருந்த இன்னொரு மயிலை எடுத்து விளக்குக்கு நேராகப் பிடித்தார். தங்க மயில், ஏபிஎஸ் என்கிற சாதாரணப் பிளாஸ்டிக்கில் வார்த்துத் தங்கப் பூச்சுப் போட்டது. சும்மா சொல்லக் கூடாது, நன்றாகவே மின்னியது. "இதுதான்," என்றார். "ஏபிஎஸ்ஸோ கீபிஎஸ்ஸோ, எனக்கு இதுதான் வேணும்."

நான் லோகேஸ்வரி. கிள்ளான் பக்கம் பண்டமாரானில், துறைமுகத்துக்குப் போகிற லோரிகள் நாள் முழுக்கப் புழுதி கிளப்பும் சாலையில் எனக்கு ஒரு பிளாஸ்டிக் வார்ப்புப் பட்டறை இருக்கிறது. இரண்டு மிசின். ஒன்று தினமும் ஓடும், மற்றது ஆர்டர் இருந்தால் ஓடும். அலமாரிப் பிடி, கதவுச் சக்கரம், குழாய்க் கவ்வி என்று யார் எந்த வடிவம் கேட்டாலும் அதற்கு ஓர் இரும்பு அச்சு செய்து, அதில் பிளாஸ்டிக்கை உருக்கி அழுத்திக் கொடுப்பேன். கமலநாதன் என் தாய்மாமன் மகன். பிரிக்பீல்ட்ஸில் பூசைச் சாமான் கடை வைத்திருக்கிறார். ஒரு காலத்தில் அவரை எனக்குக் கட்டிவைக்கப் பார்த்தார்கள். தப்பித்தேன். அவரும் என்னைப் பற்றி ஊரெல்லாம் அதையேதான் சொல்லிக்கொண்டு திரிகிறார்.

கிள்ளானில் புதிதாகக் கட்டி முடித்த அடுக்குமாடி ஒன்றில் நம்மவர்கள் நிறையப் பேர் வீடு வாங்கியிருந்தார்கள். தீபாவளிக்கு முன் குடிபோக வேண்டும், எல்லா வீட்டுக்கும் ஒரே மாதிரி சாமி மேடை வேண்டும் என்று அங்குள்ள சங்கம் அத்தானிடம் மொத்தமாகச் சொல்லிவிட்டது. முந்நூறு மேடை. தரையில் இடம் கிடையாது, சுவரில்தான் தொங்க வேண்டும். சுவரில் ஓர் அலுமினியச் சட்டம், அந்தச் சட்டத்தில் மாட்டிக்கொண்டு மேடையைத் தாங்கும் இரண்டு மயில்கள். இதுதான் வேலை.

சட்டத்தைப் புது வடிவத்தில் இழுக்க வேண்டுமென்றால் அலுமினியத்தைப் பிதுக்கி எடுக்கத் தனித் துளையச்சு வெட்ட வேண்டும், அதற்கே பெரிய தொகை ஆகும். நான் என்ன செய்தேன், கண்ணாடிக் கதவுக்கு ஏற்கெனவே கடையில் கிடைக்கிற சட்டத்தை எடுத்து, அதில் போய் மாட்டிக்கொள்கிற மாதிரி மயிலின் முதுகை மாற்றினேன். அந்தச் செலவு முழுக்க அத்தானுக்கு மிச்சம். அதற்கு ஒரு நன்றி உண்டா? "அப்ப மிச்சக் காசுல தங்கப் பூச்சு போடு" என்றார்.

இதில் வேடிக்கை ஒன்று இருக்கிறது. உருக்குவதற்கு வாங்கும் ஏபிஎஸ் மணி விலை குறைவு, நைலான் மணி விலை அதிகம், அது உண்மை. நைலானை ஈரம் போகக் காயவைக்க வேண்டும், அதிகச் சூட்டில் உருக்க வேண்டும், அதுவும் உண்மை. ஆனால் ஏபிஎஸ் மயிலுக்கு மேலே தங்கப் பூச்சு என்று ஒரு செலவு ஏறுகிறதே! கூட்டிக் கழித்தால் கறுப்பு மயில்தான் மலிவு. மலிவான சரக்கை வேண்டாம் என்று தள்ளிவிடும் வியாபாரியை அன்றைக்குத்தான் பார்த்தேன்.

"தங்கமா மின்னினாத்தான் லா நான் விலை சொல்ல முடியும்," என்றார். "கறுப்பை வச்சு என்னா சொல்லுவேன்? இஞ்சின் சாமான்னா?"

அச்சு செய்யும்போது மயிலின் காலடியில் ஒரு பட்டை விட்டிருந்தேன். எந்தப் பிளாஸ்டிக், யார் செய்தது, வாளிகளில் 'கொதிநீர் ஊற்றாதீர்' என்று போடுவார்களே அந்த மாதிரி ஏதாவது, எல்லாம் அச்சிலேயே வெட்டிப் போடுவது எங்கள் தொழிலில் வழக்கம். இந்த இடத்தில் என்ன போடட்டும் என்று அத்தானைக் கேட்டேன். அவர் ஒரு குத்துவிளக்குக்குப் பேரம் பேசிக்கொண்டிருந்தார். "உன் இஷ்டத்துக்கு எதையாச்சும் போட்டுக்க. எவன் படிக்கப் போறான்?" என்று கையை ஆட்டிவிட்டார். சரி, அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று பட்டையை வெறுமையாகவே விட்டேன்.

சோதனையும் நடந்தது. தங்க மயில் இரண்டை மாட்டி, மேடையைத் தொங்கவிட்டு, அதன்மேல் அரிசி மூட்டைகளை அடுக்கினார் அத்தான். மூன்று வாரம் அப்படியே கடை வாசலில் தொங்கியது. பூ வாங்க வந்தவர்கள் எல்லாம் நின்று வேடிக்கை பார்த்தார்கள். மயில் இம்மியும் அசையவில்லை. "பார்த்தியா?" என்று என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு. நான் என்னத்தைச் சொல்ல, தாங்கியதைத் தாங்கவில்லை என்று சொல்ல முடியுமா? சரி என்று முதல் பெட்டி ஏபிஎஸ் மணிக்கு ஆர்டர் கொடுத்தேன்.

அந்தச் சோதனையில் ஒன்று குறைந்ததை அவரும் கவனிக்கவில்லை, நானும் கவனிக்கவில்லை. அரிசி வைத்தோம், விளக்கு வைக்கவில்லை. எப்படி வைப்போம்? விற்கப்போகிற மேடையில் எவனாவது விளக்கேற்றுவானா? ஏற்றிவிட்டால் அது பூசை கண்ட மேடை. அதை இன்னொருத்தர் வீட்டுக்கு எப்படி விற்பது? இது நமக்கெல்லாம் சொல்லித் தர வேண்டியதே இல்லை. அதனால்தான் எங்கள் மண்டையில் அது ஏறவேயில்லை.

இதற்குள் என் தங்கை விஷ்ணுப்ரியாவும் ஒரு மேடைக்கு முன்பணம் கட்டிவிட்டாள். அவளுக்கும் அதே அடுக்குமாடியில்தான் வீடு, முதல் ஆளாகக் குடியும் போய்விட்டாள். வீட்டைச் சுற்றிக் காட்டினாள். கூடத்தில் கிழக்குப் பார்த்து மேடை மாட்ட ஒரே ஒரு சுவர்தான் இருந்தது. அந்தச் சுவருக்குக் கீழேதான் குழந்தைக்குத் தொட்டில் கட்டியிருந்தாள்.

"சாமிக்குக் கீழயே படுத்துக்கட்டும்க்கா. நல்லதுதானே?" என்றாள். அவளுடைய நான்கு மாதக் குட்டி வாயில் விரலை வைத்துக்கொண்டு என்னைப் பார்த்துச் சிரித்தது. நானும் நல்லதுதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

என் பட்டறையில் மிசின் ஓட்டுவது ராஜேஷ்குமார். அறந்தாங்கிப் பக்கத்து ஆள், வேலை பெர்மிட்டில் வந்து நான்கு வருஷமாகிறது. முதலில் மாதிரிக்குச் செய்த தங்க மயில் மேடை ஒன்று பட்டறை மூலையில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அவன் வந்து தலையைச் சொறிந்தான்.

"அக்கா, இது சும்மாதானே கிடக்கு. எங்க முருகனை வச்சுக்கவா?"

"வச்சுக்க. அதை யாரு வாங்கப் போறா?"

வைத்துக்கொண்டான். காலையும் மாலையும் விளக்கு. அவன் விளக்கேற்றுகிற அழகைப் பார்க்க வேண்டுமே! அகலில் பாதி, மேடையில் பாதி என்று நல்லெண்ணெய் ஊற்றுவான். "டேய், சாமிக்கு ஊத்துறியா, சட்டிக்கு ஊத்துறியா?" என்று நானும் திட்டுவேன். சிரிப்பான். மறுநாளும் அப்படியேதான் ஊற்றுவான்.

ஒரு வெள்ளிக்கிழமை காலையில் நான் பட்டறைக்குள் நுழைகிறேன், தொம் என்று ஒரு சத்தம். மேடை ஒரு பக்கம் சாய்ந்து தொங்குகிறது. விளக்கு உருண்டு விழுந்து, கீழே அடுக்கியிருந்த அட்டைப்பெட்டி பற்றிக்கொண்டது. ராஜேஷ்குமார் ஈரச் சாக்கை எடுத்து அடித்து அணைத்தான். இரண்டு பெட்டிதான் போச்சு. ஆனால் அவன் அப்படியே உட்கார்ந்து அழ ஆரம்பித்துவிட்டான்.

"சாமி கோவிச்சுக்கிச்சுக்கா. ஊர்ல என் புள்ளைக்கு என்னமோ..."

"எந்திரிடா. சாமிக்கு வேற வேலை இல்லையா?"

 உடைந்த மயிலை எடுத்துக்கொண்டு ஜன்னல் பக்கம் போனேன். தங்கப் பூச்சு முன்பக்கம் மட்டும்தான், பின்பக்கம் வெறும் பிளாஸ்டிக். அந்தப் பின்பக்கம் முழுக்க மயிரிழை மாதிரி வெடிப்புகள். ஒவ்வொரு வெடிப்பிலும் எண்ணெய் ஊறி மினுமினுத்தது. விளக்கு இருந்த பக்கத்து மயிலுக்குத்தான் இந்தக் கதி. எண்ணெய் படாத பக்கத்து மயில் குத்துக்கல்லாட்டம் இருந்தது.

எண்ணெய் பட்டால் ஏபிஎஸ் பலவீனமாகும் என்று கேள்விப்பட்டிருக்கிறேன். ஆனால் அது சும்மா கிடக்கும்போது ஒன்றும் ஆகாது. பாரமும் இருக்க வேண்டும், எண்ணெயும் பட வேண்டும், அப்போதுதான் உள்ளுக்குள் கிழியும். சாமி மேடையில் இரண்டும்தானே இருக்கிறது! சந்தேகம் தீர இரண்டு புது மயிலை எடுத்தேன். இரண்டிலும் ஒரே பாரம் தொங்கவிட்டு, ஒன்றின் முதுகில் மட்டும் நல்லெண்ணெய் தடவினேன். பக்கத்தில் கறுப்பு நைலான் மயில் ஒன்றையும் எண்ணெய் தடவித் தொங்கவிட்டேன். நாலைந்து நாளில் எண்ணெய் தடவிய தங்க மயில் இரண்டாக உடைந்து விழுந்தது. கறுப்பன் அசையவில்லை.

எனக்கு விஷ்ணுப்ரியா வீட்டுத் தொட்டில்தான் கண்முன் வந்து நின்றது.

உடைந்த துண்டுகளைப் பையில் போட்டுக்கொண்டு நேரே பிரிக்பீல்ட்ஸ் போனேன். கூடவே ஒரு புது மயிலும் செய்து எடுத்துப்போனேன். அதே நைலான்தான், ஆனால் கறுப்பு இல்லை, மஞ்சள். அப்பட்டமான மஞ்சள்கிழங்கு நிறம். கறுப்புதானே ஆகாது, மஞ்சளை எவன் வேண்டாம் என்பான் என்று ஒரு நம்பிக்கை.

அத்தான் துண்டுகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். முகம் கொஞ்சம் மாறியது. அப்புறம் வியாபாரி முகத்தை மாட்டிக்கொண்டார்.

"அந்தப் பையன் கொடம் கொடமா ஊத்தியிருப்பான். நம்ம வீட்டுப் பொம்பளைங்க அப்படியா ஊத்துவாங்க?"

"ஒரு சொட்டு போதும் அத்தான். தினம் ஒரு சொட்டு வழிஞ்சு பின்னாடி போச்சுன்னா போதும்."

"துடைக்கச் சொல்லுவோம்."

"எதை? சுவத்துல மாட்டின மேடையைக் கழட்டி, மயிலுக்கு முதுகு துடைச்சு விடுவாங்களா? நீங்க துடைப்பீங்களா?"

 மஞ்சள் மயிலை அவர் முன்னால் வைத்தேன்.

"இது எண்ணெயிலேயே முங்கிக் கிடந்தாலும் ஒண்ணும் ஆகாது. பூச்சுச் செலவும் இல்லை. உங்களுக்கு லாபம்தான்."

அவர் அதைத் தொடக்கூட இல்லை. "தங்கம்னு காட்டி ஆர்டர் புடிச்சிருக்கேன் லோகா. தங்கம் கேட்டவனுக்கு மஞ்சத்தூளையா குடுக்கச் சொல்றே?"

"அப்ப ஒண்ணு பண்ணுங்க. வாசல்ல அரிசி தொங்குதே, அதுல ஒரு விளக்கேத்துங்க. ஒரு வாரம். அது தொங்கிச்சுன்னா நான் வாயைப் பொத்திக்கிட்டு தங்கமே செஞ்சு தரேன்."

கடைக்கு வந்திருந்த இரண்டு பெண்கள் திரும்பிப் பார்த்தார்கள். அத்தானுக்கு முகம் சிவந்தது. "அறிவிருக்கா உனக்கு? சாமியே இல்லாத மேடையில, விக்கிற மேடையில, அரிசி மூட்டைக்கு விளக்கேத்தச் சொல்றியா? அப்புறம் என் கடைக்கு எவன் வருவான்?"

"முந்நூறு வீட்ல விளக்கேத்தப் போறாங்களே, அது பரவாயில்லையா?"

"நீ செய்யப் போறியா இல்லையா?"

"ஏபிஎஸ்ல செய்ய மாட்டேன். முடியாதுன்னா முடியாது."

"செய்யாட்டிப் போ. அம்பாங்ல ஒரு சீனத் தவுக்கே பட்டறை வச்சிருக்கான், கேள்வி கேக்காம செஞ்சு தருவான். மோல்டு என் காசு. திங்கக்கிழமை லோரி வரும், ஏத்தி விட்டுடு."

உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. ஆனால் அச்சு அவர் காசில் செய்தது, அதில் எனக்கு ஒரு பேச்சும் இல்லை. இந்த ஆர்டர் போனால் என் இரண்டாவது மிசினை விற்க வேண்டியதுதான், அதுவும் தெரியும். ரயிலில் கிள்ளான் வந்து சேருகிற வரைக்கும் அவரைத் திட்டிக்கொண்டே வந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த மலாய்க்கார அம்மா எழுந்து வேறு இடம் போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே விஷ்ணுப்ரியாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். உடைந்த மயிலின் படத்தை அவர்கள் அடுக்குமாடி வாட்சாப் குழுவில் போடச் சொன்னேன். போட்டாள். அத்தான் சும்மா இருப்பாரா? "ஆர்டர் கை மாறிப் போச்சு, அந்த வயித்தெரிச்சல்ல என் அத்தை மவ கெளப்பி விடுறா. மூணு வாரம் அரிசி மூட்டை தொங்குன வீடியோ இதோ" என்று குரல் பதிவு போட்டு, வீடியோவையும் போட்டார். அவ்வளவுதான். சங்கத்துத் தலைவரிலிருந்து ஆளாளுக்குக் கும்பிடு படமும் கட்டைவிரல் படமும் போட்டார்கள். என் தங்கையே சந்தேகப்பட்டாள் என்றால் பாருங்கள்.

"ஏன்க்கா, நெசமாவே ஆர்டர் போன கோவத்துல சொல்றியா? மத்த எல்லார் வீட்லயும் தங்கமா இருக்கும், எங்க வீட்ல மட்டும் மஞ்சளா இருந்தா என் மாமியார் என்ன சொல்லுவாங்க?"

"உன் மாமியார் தலையில விழட்டும்னு விட்டுருவேன்டி. கீழ படுத்திருக்கறது என் தங்கச்சி மவ."

அவளுக்குக் கோபம் வந்து போனை வைத்துவிட்டாள். நான் ராஜேஷ்குமாரின் மூலையில் போய் நின்றேன். அவன் முருகனைத் துடைத்து ஒரு பலகையில் வைத்திருந்தான். மேடை இல்லாததால் விளக்கேற்றாமல் மூஞ்சியைத் தூக்கி வைத்துக்கொண்டிருந்தான். மஞ்சள் மயில் இரண்டை எடுத்து நானே சுவரில் மாட்டி, மேடையை ஏற்றினேன்.

"ஊத்துடா," என்றேன். "உன் இஷ்டத்துக்கு ஊத்து. இனிமே நான் திட்ட மாட்டேன்."

விளக்கு எரிந்தது. நான் அச்சைப் பார்த்துக்கொண்டு நின்றேன். திங்கட்கிழமை அது போய்விடும். போய், அம்பாங்கில் ஏபிஎஸ்ஸைக் குடித்து, அறுநூறு மயிலைத் துப்பும். எவன் சொன்னாலும் எவனும் கேட்கப் போவதில்லை. வாட்சாப்பில் எழுதினால் அதற்கு மேலே ஒருத்தன் கும்பிடு போட்டுவிட்டுப் போகிறான். அப்போதுதான் மயிலின் காலடியில் இருந்த அந்த வெறும் பட்டை கண்ணில் பட்டது.

அடடா! கண்ணுக்கு முன்னாலேயே இருந்திருக்கிறதே!

மறுநாள் காலையிலேயே அச்சின் முன்பலகையைக் கழற்றி வண்டியில் போட்டுக்கொண்டு யுகேந்திரனிடம் போனேன். அந்த அச்சை எனக்கு வெட்டிக் கொடுத்தவன் அவன்தான். ஒரு தாளில் மூன்று சொல்லை எழுதிக் கொடுத்து, பட்டையில் இதை வெட்டு, மயிலில் எழுத்து மேடாக எழும்பி நிற்க வேண்டும் என்றேன். அவன் தாளைப் படித்தான். என்னைப் பார்த்தான். மறுபடியும் படித்தான்.

எண்ணெய் படக் கூடாது.

"அக்கா, இது மோல்டுல ஏறிடுச்சுன்னா அப்புறம் லேசுல போகாது. வெல்டிங் வச்சு அடைச்சு, திரும்ப பாலிஷ் போடணும். தீபாவளிக்குள்ள நடக்காது."

"தெரியும். அதுக்குத்தான் சொல்றேன்."

"கமலநாதண்ணே சண்டைக்கு வருவாரு."

"வரட்டும். பட்டையில உன் இஷ்டத்துக்குப் போட்டுக்கன்னு அவர்தான் சொன்னாரு. என் இஷ்டம் இதுதான். பொய்யா ஏதாவது எழுதச் சொன்னேனா?"

யுகேந்திரன் கொஞ்ச நேரம் தாடையைத் தடவினான். பிறகு சிரித்துவிட்டான். "எழுத்து என்னா சைஸ்?"

"கண்ணாடி போடாம கெழவிகளும் படிக்கணும்."

திங்கட்கிழமை லோரி வந்தது. அச்சைத் துடைத்து, துருப்பிடிக்காமல் எண்ணெய் பூசி, பூட்டி, பாலித்தீன் சுற்றி, ஒரு கீறல் இல்லாமல் ஏற்றி அனுப்பினேன். ராஜேஷ்குமார் அழாத குறையாக நின்றான். மிசின் போய்விடுமா அக்கா என்று கேட்டான். போனால் போகட்டும் என்று சொல்லிவிட்டு நான் உள்ளே போய் டீ போட்டேன். இரண்டாவது மிசினைப் பார்க்காமல் இருக்கத்தான் போனேன், அதையும் சொல்லிவிடுகிறேன்.

நான்கு நாள் ஒரு சத்தமும் இல்லை. வெள்ளிக்கிழமை மத்தியானம் போன் அடித்தது. அத்தான். எடுத்ததும் காது கிழிந்தது.

"லோகா! என்னா பண்ணி வச்சிருக்க நீ?"

பின்னால் மிசின் ஓடும் சத்தம் கேட்டது. அம்பாங் பட்டறையில் நிற்கிறார்.

"என்னா அத்தான்?"

"என்னா அத்தானா? மயிலு கால்ல என்னா எழுதியிருக்கு?"

"தமிழ்தானே. படிங்க."

"திமிரா உனக்கு? இந்தத் தவுக்கேக்குத் தமிழ் தெரியாது. இதை என்னமோ மந்திரம்னு நெனச்சிட்டான். 'சாமி பேரு, வெரி நைஸ்'ங்கறான்! எழுத்து நல்லாத் தெரியணும்னு ஒவ்வொண்ணையும் துடைச்சுத் துடைச்சு வேற அடுக்கி வச்சிருக்கான். ரெண்டு பெட்டி ரொம்பிடுச்சு!"

எனக்கு வந்த சிரிப்பை அடக்கப் பட்ட பாடு எனக்குத்தான் தெரியும். "நல்ல மனுஷன்," என்றேன். "அவனாச்சும் மரியாதையா வச்சிருக்கான்."

"சிரிக்காதே! என் பொழப்பைக் கெடுத்துட்டியே! போலீசுக்குப் போவேன் நான்."

"போங்க. போய், எண்ணெய் படக் கூடாததுல எண்ணெய் படக் கூடாதுன்னு லோகா எழுதிட்டான்னு சொல்லுங்க. அவங்க வீட்லயும் பிளாஸ்டிக் சாமான் இருக்கும், புரிஞ்சுக்குவாங்க."

"நீ என்னா பேசுறேன்னு தெரிஞ்சுதான் பேசுறியா? இதைக் கொண்டுபோய் நான் எப்படி விக்கிறது? எண்ணெய் படக் கூடாதுன்னு எழுதியிருக்கிற சாமி மேடையை எந்தத் தமிழன் லா வாங்குவான்?"

"அதைத்தான் அத்தான் நானும் உங்களைக் கேட்டேன்."

  போனில் மிசின் மட்டும் கேட்டது. அச்சு திறக்கிற சத்தம். மயில் ஒன்று பெட்டிக்குள் விழுகிற 'டக்'. அச்சு மூடுகிற சத்தம். மறுபடியும் திறந்தது. மறுபடியும் 'டக்'.

"பிரியா வீட்ல தொட்டில் எங்க கட்டியிருக்குன்னு தெரியுமா உங்களுக்கு?" என்றேன். சிரிப்பு எப்போதோ போய்விட்டிருந்தது.  "மேடை மாட்டப் போற சுவத்துக்குக் கீழ. நேர் கீழ. பேர் வைக்கிறன்னைக்கு நீங்கதானே அவளை அந்தத் தொட்டில்ல போட்டீங்க."

'டக்.'

"மிசினை நிறுத்தச் சொல்லுங்க அத்தான். விழுந்துக்கிட்டே இருக்கு."

இன்னொன்று விழுந்தது. பிறகு தூரத்தில் அவர் குரல் கேட்டது, எனக்கில்லை. "தவுக்கே! ஸ்டாப்! ஸ்டாப் லா, போதும்!"

சத்தம் நின்றது. அத்தான் மறுபடியும் போனைக் காதில் வைத்தார். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தார். 

"அந்த மஞ்ச மயிலு," என்றார். "இன்னும் தொங்குதா?"

மூலையைத் திரும்பிப் பார்த்தேன். ராஜேஷ்குமார் எண்ணெய் போத்தலைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டு நின்றான். மேடையிலிருந்து வழிந்து, மயிலின் முதுகில் இறங்கி, தரையில் ஒரு குளமே கட்டியிருந்தது.

"தொங்குது," என்றேன். "வெள்ளிக்கிழமை ஆச்சே. விளக்கும் எரியுது."